உடைந்தது கண்ணாடியா, டிஸ்ப்ளேயா?

கும்பகோணத்தில் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். திரை உடைந்த போனோடு படியேறி வருகிறவர் முதலில் கேட்பது, "எவ்வளவு ஆகும்ணே?" என்றுதான். பதில் சொல்வதற்கு முன்னால் போனைக் கையில் வாங்கி, வெளிச்சத்தை முழுசாகக் கூட்டி, வெள்ளைப் பின்னணி உள்ள ஏதாவது ஒரு பக்கத்தைத் திறப்பேன். கறுப்புத் திட்டு இருக்கிறதா, பச்சையாகவோ ஊதாவாகவோ கோடு விழுந்திருக்கிறதா, ஓரத்தில் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பேன். அப்புறம் ஏதாவது ஒரு ஆப்பின் படத்தை அழுத்திப் பிடித்து, திரையின் நான்கு மூலைக்கும் மெதுவாக இழுத்துக்கொண்டு போவேன். வழியில் எங்காவது பிடி விட்டுப்போனால் அந்த இடத்தில் டச் வேலை செய்யவில்லை என்று அர்த்தம். சாம்சங் போனாக இருந்தால் டயல் செய்யும் இடத்தில் *#0*# என்று அடித்தால் நிறத்துக்கும் டச்சுக்கும் தனித்தனியாகச் சோதனை வரும். ஷாவ்மி போன்களில் அதற்கு *#*#6484#*#*.

இது இரண்டு நிமிட வேலை. யார் வேண்டுமானாலும் வீட்டில் உட்கார்ந்தே செய்துவிடலாம். செய்யாமல் வருகிறவர்கள்தான் அதிகம். மேல் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருக்கும் போனுக்கு முழு டிஸ்ப்ளேயையும் மாற்றிவிடுவது இன்றைக்குப் பல கடைகளில் வழக்கமாகிவிட்டது. நன்றாக எரிகிற, போனோடு பிறந்த டிஸ்ப்ளேயைக் கழற்றி விட்டுவிட்டு, அதைவிடத் தரம் குறைந்த ஒன்றைக் காசு கொடுத்து மாட்டிக்கொண்டு போகிறார்கள். இந்தத் தொழிலில் இருக்கிற எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாம் 'ஸ்கிரீன்' என்று சொல்வது ஒரே பொருள் அல்ல. மேலே இருப்பது கண்ணாடி. விரல் படுவது அதன் மேல்தான். அதற்குக் கீழே விரல் எங்கே பட்டது என்று உணரும் டச். அதற்கும் கீழே படத்தைக் காட்டும் டிஸ்ப்ளே. நான் சென்னை ரிச்சி தெருவில் தொழில் பழகிய காலத்தில் டச் தனியாக, எல்சிடி தனியாக இருக்கும். டச் போனால் அதை மட்டும் சில நூறு ரூபாய்க்கு வாங்கி ஒட்டுவோம். இப்போது பெரும்பாலான போன்களில் டச் டிஸ்ப்ளேயோடு சேர்ந்தே உற்பத்தியாகிறது. மேல் கண்ணாடியையும் அதையும் இடைவெளி இல்லாமல் ஒட்டியிருப்பது ஓசிஏ என்னும் தெளிவான பசைப் படலம். இந்த மூன்றும் ஒட்டிய முழுத் தொகுதியைத்தான் கடைக்காரர்கள் கோம்போ என்றும் ஃபோல்டர் என்றும் சொல்கிறோம்.

கண்ணாடி ஏன் உடைகிறது என்பதையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2007இல் வெளியான தன் முதல் ஐபோனுக்குக் கண்ணாடி கேட்டு ஆப்பிள், அமெரிக்காவின் கார்னிங் கம்பெனியிடம் போனது. அந்தக் கண்ணாடிதான் பிறகு கொரில்லா கிளாஸ் என்று பெயர் பெற்றது. சோடியம் கலந்த கண்ணாடியை ஏறக்குறைய 400 டிகிரி சூட்டில் உருகிய பொட்டாசியம் உப்பில் ஊற வைக்கிறார்கள். மேற்பரப்பில் இருக்கும் சின்ன சோடியம் அயனிகள் வெளியேறி, அந்த இடத்தில் அவற்றைவிடப் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்துக்கொண்டு உட்காருகின்றன. இந்த நெருக்கம்தான் கண்ணாடியின் மேல்தோலை எப்போதும் அழுத்தத்தில் வைத்திருக்கிறது. விரிசல் பிளந்து ஓட வேண்டுமென்றால் முதலில் இந்த அழுத்தத்தை வென்றாக வேண்டும்.

வெல்லும் வழி இரண்டு. ஒன்று, மூலை தரையில் படுகிற மாதிரி விழுவது. முழு எடையும் ஒரு புள்ளியில் இறங்கிவிடும். இன்னொன்று மணல். சாவியும் சில்லறைக் காசும் இந்தக் கண்ணாடியைப் பெரும்பாலும் கீறுவதில்லை. ஆனால் ஆற்று மணலில் இருக்கும் குவார்ட்ஸ் கண்ணாடியைவிடக் கடினமானது. காவிரிக் கரையில் இருக்கிற எங்களுக்குச் சட்டைப் பையில் மணல் இல்லாத நாள் குறைவு. அது போட்ட கண்ணுக்குத் தெரியாத கீறல் பல நாள் சும்மா இருந்துவிட்டு, ஒருநாள் கட்டிலிலிருந்து விழும்போது அந்த இடத்திலிருந்து பிளக்கும். "இதைவிட உயரத்துல இருந்தெல்லாம் விழுந்திருக்கு தம்பி, அப்போ ஒண்ணும் ஆகல" என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை.

அடுத்து, கீழே இருப்பது எந்த வகை டிஸ்ப்ளே என்று தெரிய வேண்டும். விலை குறைந்த போன்களில் பெரும்பாலும் எல்சிடி. பின்னால் ஒரு வெள்ளை விளக்குத் தட்டு எரிந்துகொண்டே இருக்கும். முன்னால் இருக்கும் திரவப் படிகம் அந்த ஒளியை மறைத்தும் விட்டும் படம் காட்டும். நடுத்தர விலைக்கு மேலே ஓஎல்இடி, அதாவது அமோலெட். அதில் ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. இருட்டறையில் முழுக் கறுப்புப் படம் ஒன்றைத் திறந்து பாருங்கள். திரை சாம்பல் வெளிச்சமாகத் தெரிந்தால் எல்சிடி. போன் அணைந்தே போனதுபோல் இருந்தால் அமோலெட். திரைக்குள்ளேயே கைரேகை வைக்கும் இடம் இருந்தாலும் அது அமோலெட்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

இரண்டும் அடிபட்டால் நடந்துகொள்ளும் விதம் வேறு. எல்சிடியில் விழுந்த கறுப்புத் திட்டு பெரும்பாலும் அப்படியே நிற்கும், அல்லது நிதானமாகப் பெருகும். அமோலெட்டுக்குள் இருக்கும் கரிமப் பொருள்களுக்குக் காற்றும் ஈரமும் ஆகாது. காப்புப் படலம் கிழிந்துவிட்டால் அந்த இடத்திலிருந்து கறுப்பு பரவத் தொடங்கும். காலையில் மிளகு அளவு இருந்தது மறுநாள் பாதித் திரையை மூடியிருக்கும். ஆகவே அமோலெட் போனில் சின்னக் கறுப்புப் புள்ளி தெரிந்தாலும், விலை விசாரிப்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். திரை தெரியும்போதே படங்களையும் தொடர்பு எண்களையும் வாட்ஸ்அப்பையும் பேக்கப் எடுங்கள். பேங்க் ஆப், யுபிஐ இவற்றின் நிலவரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

டச் மட்டும் செத்து, படம் தெரிகிறது என்றால் பதற வேண்டியதில்லை. பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஓடிஜி என்னும் சின்ன இணைப்பியைச் சொருகி, கம்ப்யூட்டருக்குப் போடும் சாதாரண மவுஸை மாட்டலாம். திரையில் அம்புக்குறி வரும். அதை வைத்து லாக் எடுத்து, வேண்டியதைப் பேக்கப் செய்துவிடலாம். ஒரு நாகஸ்வரக் கலைஞர், முகூர்த்த நாள் ஒன்றின் மறுநாள் வந்தார். அவருடைய குருநாதர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்துக் காட்டிய பாடங்கள் எல்லாம் அந்தப் போனில்தான் இருந்தன. வேறெங்கும் இல்லை. பழைய மவுஸ் ஒன்றை மாட்டி அத்தனையையும் பென் டிரைவில் இறக்கிக் கொடுத்த பிறகுதான் திரையைப் பற்றியே பேசினோம். ஐபோனில் இந்த வழி அவ்வளவு எளிதல்ல. பூட்டிய நிலையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டால் அது வெளிக்கருவியை ஏற்றுக்கொள்ளாது. ஐபோன்காரர்கள் ஐகிளவுட் பேக்கப்பை எப்போதும் ஓட விட்டிருப்பதே நல்லது.

இப்போது சோதனை முடிவுக்கு வருவோம். நிறம் சரியாக இருக்கிறது, டச் நான்கு மூலையிலும் ஓடுகிறது, மேலே மட்டும் விரிசல் என்றால் உங்களுக்கு வேண்டியது கிளாஸ் சேஞ்ச். கிளாஸ் மட்டும் மாற்றுவது. ரிப்பேர் வேலையிலேயே கைப்பக்குவம் அதிகம் வேண்டியது இதுதான்.

முதலில் போனைச் சூடாக்கி, ஓரப் பசையை இளக்கி, டிஸ்ப்ளேயை உடலிலிருந்து பிரித்து எடுக்க வேண்டும். பிறகு அதைச் சூடான தட்டின் மேல் வைக்கிறோம். கீழே இருக்கும் துளைகள் வழியாகக் காற்றை உறிஞ்சி, அசையாமல் பிடித்துக்கொள்ளும் தட்டு அது. சூடு 80 டிகிரியை ஒட்டி இருக்கும். பசை இளகியதும், முடியைவிட மெல்லிய மாலிப்டினம் கம்பியை உடைந்த கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவில் செலுத்தி, இரண்டு கையாலும் ரம்பம் இழுப்பதுபோல் இழுத்துக்கொண்டே வர வேண்டும். கம்பி ஒரு துளி கீழே சாய்ந்தால் டிஸ்ப்ளே கிழிந்துவிடும். எல்சிடியில் மேலே இருக்கும் படலமும் தடிமனான கண்ணாடியும் கொஞ்சம் தாங்கும். அமோலெட் தாங்காது. அதிலும் பிளாஸ்டிக் அடித்தளத்தில் செய்த வளையும் அமோலெட், ஓரம் வளைந்த திரை என்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டும். அதற்காகவே பெரிய ஊர்களில் உறைய வைக்கும் எந்திரம் வைத்திருக்கிறார்கள். மைனஸ் 100 டிகிரிக்கும் கீழே கொண்டுபோனால் பசை இறுகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கண்ணாடி தனியாகக் கழன்று வரும்.

கண்ணாடி போன பிறகு மிஞ்சிய பழைய பசையை எடுப்பதுதான் நேரம் தின்னும் வேலை. கட்டை விரலால் ஒரு மூலையிலிருந்து தேய்த்துத் தேய்த்து உருட்ட வேண்டும். கடைசி மிச்சத்தை அதற்கான திரவமும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் கொண்டு துடைக்க வேண்டும். ஒரு தூசி தங்கினாலும் புதுக் கண்ணாடிக்கு அடியில் அது என்றைக்கும் தெரியும். பிறகு புது ஓசிஏ படலம், புதுக் கண்ணாடி. காற்றில்லாத லேமினேஷன் எந்திரத்துக்குள் வைத்து அழுத்தி, அடுத்து அழுத்தக் காற்று நிறைந்த பெட்டிக்குள் வைத்து மீதமிருக்கும் குமிழிகளைப் போக்க வேண்டும். நல்ல கை செய்த வேலையை நீங்களே கண்டுபிடிக்க முடியாது. நிறம், வெளிச்சம், கைரேகை எல்லாம் பழையபடியே இருக்கும். இருப்பது உங்கள் சொந்த டிஸ்ப்ளேதானே.

செலவு, மாடலைப் பொறுத்து, முழு டிஸ்ப்ளே மாற்றுவதில் மூன்றில் ஒரு பங்கோ நான்கில் ஒரு பங்கோ வரும். ஆபத்தும் உண்டு. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சில டிஸ்ப்ளேக்கள் பிரிக்கும்போது போய்விடும். ஆகையால் போனைக் கொடுப்பதற்கு முன்னால் கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "பிரிக்கும்போது டிஸ்ப்ளே போனால் யார் பொறுப்பு?" சிலர் கடைப் பொறுப்பு என்பார்கள். கூலி அதற்கேற்பக் கூடுதலாக இருக்கும். சிலர் வாடிக்கையாளர் பொறுப்பு என்பார்கள். இரண்டும் நியாயமான ஏற்பாடுதான். பேசாமல் விடுவதுதான் நியாயமில்லை. எந்திரம் இல்லாத கடைகள் வெளியே கொடுத்துச் செய்து வாங்கும். அதில் தப்பில்லை. போன் எங்கே போகிறது, எப்போது வரும் என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். உடலிலிருந்து டிஸ்ப்ளேயைக் கழற்றி அதை மட்டும் அனுப்புவார்கள் என்றால் இன்னும் நல்லது. உங்கள் தகவல் இருக்கும் பகுதி கடையை விட்டு நகராது.

விலை குறைந்த எல்சிடி போன் என்றால் நான் கிளாஸ் சேஞ்சை வற்புறுத்துவதில்லை. புது கோம்போவே கண்ணாடி மாற்றும் கூலிக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். அங்கே முழுசாக மாற்றுவதே சரி.

இனி டிஸ்ப்ளேயே போய்விட்டவர்களுக்கு. கோம்போ மாற்றுவது வேலையளவில் எளிது. சிக்கல், மாட்டுகிற பொருள் எது என்பதில்தான். "ஒரிஜினல்தானே?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் "ஒரிஜினல்தான்" என்ற பதில்தான் வரும். அந்தக் கேள்வியால் பயன் இல்லை. சரக்கில் பல தரம் உண்டு. முதலாவது கம்பெனி தன் சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும் அதே பெட்டி, சாம்சங்கில் சர்வீஸ் பேக் என்போம். பெரும்பாலும் சட்டகத்தோடு சேர்ந்தே வரும். அடுத்தது, கண்ணாடி உடைந்த உண்மையான டிஸ்ப்ளேயை வாங்கி, கண்ணாடி மட்டும் மாற்றியது. அதற்கடுத்து, வேறு கம்பெனிகள் செய்யும் ஓஎல்இடி. கடைசியில், அமோலெட் இருந்த இடத்தில் எல்சிடி வகையைச் சேர்ந்த இன்செல் அல்லது டிஎஃப்டி.

இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் வாடிக்கையாளர்களுக்கு விளக்கமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அமோலெட்டில் திரைக்குக் கீழே இருக்கும் கைரேகை உணரி, திரையை ஊடுருவித்தான் விரலைப் பார்க்கிறது. எல்சிடிக்குப் பின்னால் விளக்குத் தட்டு இருக்கிறது. அதை ஊடுருவிப் பார்க்க முடியாது. ஆகவே இன்செல் மாட்டினால் கைரேகை போய்விடும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். எப்போதும் மணி காட்டும் வசதி இருந்தால் அது பேட்டரியைத் தின்னும். தடிமன் கூடுவதால் சில போன்களில் திரை துளி மேலெழும்பி நிற்கும், ஓரத்தில் கறுப்புப் பட்டை அகலமாகும். வெயிலில் படிக்கச் சிரமம். விலை மட்டும் பாதிக்குப் பாதி குறையும். இத்தனையும் தெரிந்து, "பரவால்லண்ணே, இன்னும் ஒரு வருஷம் ஓடினா போதும்" என்று கேட்பவருக்கு அது நல்ல தேர்வுதான். வீடு வீடாகப் பால் ஊற்றும் ஒருவருக்குக் கூகுள் பே சத்தமும் போன் அழைப்பும்தான் வேண்டும். அவருக்கு நானே இன்செல் போட்டுக் கொடுத்திருக்கிறேன். சொல்லாமல் மாட்டுவதைத்தான் நான் மோசடி என்கிறேன். கேட்க வேண்டிய கேள்வி இது: "இது அமோலெட்டா, எல்சிடியா? கைரேகை வேலை செய்யுமா? பில்லில் எழுதித் தருவீர்களா?"

இப்போது பழைய டிஸ்ப்ளேயின் கதை. கண்ணாடி மட்டும் உடைந்து உள்ளே உயிரோடு இருக்கும் அமோலெட்டுக்குச் சந்தையில் விலை இருக்கிறது. அதை வாங்கவே ஆள் இருக்கிறார்கள். மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் பல ஊர்களிலிருந்து இவை பார்சலில் போகின்றன. கண்ணாடி மாற்றி, மறுபடி சரக்காகத் திரும்பி வருகின்றன. பொருள் வீணாகாமல் சுற்றுவது நல்ல விஷயம். எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் அந்த விலை யாருக்குச் சேர வேண்டியது? போனின் சொந்தக்காரருக்கு. அவருக்கு அப்படி ஒரு விலை இருப்பதே தெரியாமல் மேசைமேல் விட்டுவிட்டுப் போகிறார். முழு டிஸ்ப்ளே மாற்றியே ஆக வேண்டும் என்று கடைக்காரர் சொன்னால், பழையதைக் கொடுங்கள் அல்லது அதன் விலையைக் கழித்துக்கொள்ளுங்கள் என்று கேளுங்கள். அப்படிக் கேட்ட பிறகு, "கிளாஸ் மட்டும் மாத்திப் பாக்கலாம்" என்ற பேச்சு தானாக வருவதையும் பார்த்திருக்கிறேன். கம்பெனி சர்வீஸ் சென்டரில் மட்டும் இது வேறு. அங்கே பழைய பாகத்தை வாங்கிக்கொண்டுதான் புதியதைக் கொடுப்பது பொதுவான வழக்கம். அவர்கள் சொல்லும் விலையே அந்தக் கணக்கில்தான் இருக்கும்.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எப்போது போக வேண்டும்? வாரண்டி நடப்பில் இருந்தால் அங்கேதான். கீழே போட்டு உடைத்ததற்கு வாரண்டி பொருந்தாது என்றாலும், வெளியே திறந்துவிட்டால் மற்றக் கோளாறுகளுக்கான வாரண்டியும் கேள்விக்குள்ளாகும். போன் வாங்கும்போது திரைப் பாதுகாப்புத் திட்டம் எதற்காவது பணம் கட்டியிருக்கிறீர்களா என்று பழைய பில்லைத் தேடிப் பாருங்கள். பலர் கட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். அந்தத் திட்டங்களில் வெளிக் கடையில் கை வைத்தபின் பணம் கேட்க முடியாது. கீழே விழாமலேயே திரையில் பச்சைக் கோடோ இளஞ்சிவப்புக் கோடோ விழுந்திருந்தால், காசு கொடுப்பதற்கு முன் கம்பெனியைக் கேளுங்கள். இந்தக் கோட்டுப் பிரச்சினை இந்தியாவில் பெரிதாகக் கிளம்பியபோது ஒன்பிளஸ் 2024இல் அதற்கு ஆயுட்கால இலவசத் திரை மாற்றத்தையே அறிவித்தது. டிஸ்ப்ளேயின் விலையைத் தெரிந்துகொள்ள நேரில் போகக்கூட வேண்டாம். பல கம்பெனிகள் உதிரிபாக விலைப்பட்டியலைத் தங்கள் இணையதளத்திலேயே போடுகின்றன. உள்ளூர்க் கடையில் பேரம் பேசும் முன் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். எங்களுக்கும் பேச்சு சுருக்கமாக முடியும்.

ஐபோனுக்கு இன்னொரு கணக்கு. ஐபோன் 11இலிருந்து, திரையை மாற்றினால் அது ஆப்பிளின் உண்மைப் பாகமா என்று போனே சோதித்து, இல்லையென்றால் அறிவிப்புக் காட்டும். சுற்றுப்புற வெளிச்சத்துக்கேற்ப நிறம் மாற்றும் ட்ரூ டோன் வேலை செய்யாமல் போகலாம். 2021இல் ஐபோன் 13 வந்தபோது, வெளிக்கடையில் திரை மாற்றினால் முகம் காட்டித் திறக்கும் வசதியே நின்றுபோனது. உலகம் முழுக்க ரிப்பேர்காரர்கள் எதிர்ப்புத் தெரிவித்த பிறகு ஆப்பிள் மென்பொருள் அப்டேட்டில் அதைத் தளர்த்தியது. வேறொரு ஐபோனிலிருந்து கழற்றிய உண்மையான பாகத்தைப் பொருத்திச் சரிசெய்துகொள்ள ஐஓஎஸ் 18இல்தான் வழி வந்தது. ஆகவே ஐபோனுக்குக் கிளாஸ் சேஞ்ச் என்பது இன்னும் முக்கியமாகிறது. சொந்த டிஸ்ப்ளே இருக்கும்வரை இந்த அறிவிப்புகள் எதுவும் வராது.

போனைக் கொடுக்கும்போது லாக் நம்பரைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் நானே சொல்லிவிடுவேன்: "நம்பர் வேணாம்மா. வாங்கிட்டுப் போகும்போது நீயே திறந்து பாத்துக்க." திரை மாற்ற லாக் நம்பர் அவசியமில்லை. டச்சைச் சோதிக்க அவசர அழைப்புப் பக்கமே போதும், கேமராவையும் பூட்டிய நிலையிலேயே திறக்கலாம். சாம்சங் போன்களில் 2022இலிருந்து மெயின்டெனன்ஸ் மோட் என்ற ஏற்பாடு இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால் படங்களும் செய்திகளும் எதுவும் தெரியாத வெறும் போனாக அது நடந்துகொள்ளும். திரும்ப வாங்கியதும் உங்கள் நம்பரைப் போட்டு எடுத்துவிடலாம். கூகுள் பிக்ஸல் போன்களில் ரிப்பேர் மோட் என்று இருப்பதும் இதுதான். சிம்மையும் மெமரி கார்டையும் கழற்றி எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போதைக்குக் காசில்லை, விரிசலோடு ஓட்டலாமா என்று கேட்பவர்களும் உண்டு. டச் சரியாக இருந்தால் ஓட்டலாம். தெளிவான செலோடேப்போ, டெம்பர் கிளாஸோ மேலே ஒட்டிவிடுங்கள். கண்ணாடித் துகள் விரலில் ஏறாது, விரிசல் வழியே தூசியும் இறங்காது. தண்ணீர் பக்கம் கொண்டு போகாதீர்கள். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் விரிசல் விழுந்த அன்றே அது முடிந்தது. திரை மாற்றிய பிறகும் ஓரப் பசை கம்பெனியில் ஒட்டியதுபோல் இருக்கும் என்று எண்ண வேண்டாம். பற்பசை தேய்ப்பது, ஃபெவிக்விக் விடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம். பற்பசை விரிசலை நிரப்பாது, கண்ணாடியின் மேல் இருக்கும் எண்ணெய் ஒட்டாத பூச்சைத்தான் அரிக்கும். ஃபெவிக்விக்கின் ஆவி வெள்ளைப் படலமாகப் படிந்து, நல்லாயிருந்த இடத்தையும் மங்கலாக்கும். விரிசல் வழியாக உள்ளே இறங்கினால் கிளாஸ் சேஞ்ச் செய்யும்போது கம்பியும் ஓடாது, டிஸ்ப்ளேயும் பிழைக்காது. இன்னொன்று, போன் விழாமலேயே திரை ஒரு பக்கம் மேலெழும்பி நின்றால் அது திரைக் கோளாறு அல்ல, உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அழுத்தி மூடாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். உடனே கடைக்குக் கொண்டு வாருங்கள்.

மாற்றவே வேண்டாம் என்று நானே திருப்பி அனுப்பும் போன்களும் உண்டு. அதே மாடல் பழைய போன் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ, அதில் பாதிக்கு மேல் டிஸ்ப்ளேக்கே ஆகுமென்றால், பாதுகாப்பு அப்டேட்டும் நின்றுபோன போன் என்றால், தகவலை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடுவேன். ஆனால் இன்னொரு வகைப் போன் என் மேசைக்கு வரும்போது மனசு கேட்பதில்லை. போன் நன்றாக இருக்கும், கண்ணாடி போய் டிஸ்ப்ளேயும் போயிருக்கும். வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. அந்த மாடலுக்கு உண்மையான டிஸ்ப்ளே எங்கேயும் கிடைக்காது. வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு மாடல் விடுகிற கம்பெனி, பழைய மாடலின் பாகத்தைச் செய்வதை நிறுத்தியிருக்கும். தவணை கட்டி முடிக்காத போனைத் தூக்கிப் போடச் சொல்லி ஒரு கூலித் தொழிலாளியிடம் நான் எப்படிச் சொல்வது? ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20இலிருந்து, ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஏழு ஆண்டுகளுக்கு டிஸ்ப்ளே போன்ற முக்கிய உதிரிபாகங்களைக் கம்பெனிகள் கொடுத்தாக வேண்டும் என்று விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. இங்கே மத்திய நுகர்வோர் துறை 2022 டிசம்பர் 24 அன்று ரிப்பேர் உரிமைக்கான இணையதளம் ஒன்றைத் தொடங்கியது. கம்பெனிகள் தங்கள் பொருளின் ரிப்பேர் விவரங்களையும் வாரண்டி விவரங்களையும் அதில் ஒரே இடத்தில் தர வேண்டும் என்பது நோக்கம். நல்ல தொடக்கம். ஆனால் பாகம் இத்தனை ஆண்டுக்குக் கிடைத்தே தீர வேண்டும் என்ற ஐரோப்பிய விதியைப் போன்ற ஒன்று இங்கும் வேண்டும். இதைக் கடைக்காரனாக மட்டும் கேட்கவில்லை, போன் வாங்குகிறவர்களுக்காகவும் கேட்கிறேன். அது வரும்வரை, சர்வீஸ் சென்டரோ கடையோ ஏமாற்றிவிட்டது என்று நினைத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிட்டுத் தமிழிலேயே சொல்லலாம். கையில் பில் இருக்க வேண்டும்.

அந்தப் பில்லில் என்ன எழுதியிருக்க வேண்டும்? போனின் ஐஎம்இஐ எண், செய்த வேலை கிளாஸ் சேஞ்சா டிஸ்ப்ளே மாற்றமா என்பது, மாட்டிய பாகத்தின் வகை, எத்தனை நாள் வாரண்டி, வாரண்டி எதற்குப் பொருந்தும் என்பது. மறுபடி கீழே போட்டால் எந்தக் கடையும் பொறுப்பேற்காது. டச் தானாக நிற்பது, கோடு விழுவது, ஓரம் தூக்குவது ஆகியவற்றுக்குப் பொறுப்பேற்க வேண்டும்.

போனை வாங்கும்போது அவசரப்படாதீர்கள். வீட்டில் செய்த அதே சோதனையை என் முன்னாலேயே திரும்பச் செய்யுங்கள். ஒருவருக்கு போன் போட்டு, காதருகே கொண்டு போனதும் திரை அணைகிறதா என்று பாருங்கள். மேலே இருக்கும் உணரியைச் சரியாகத் திரும்ப வைக்காவிட்டால் அணையாது, பேசும்போது கன்னம் பட்டு அழைப்பு கட்டாகும். காதில் சத்தம் தெளிவாகக் கேட்கிறதா, முன் கேமராவில் மங்கல் இருக்கிறதா, சுற்று ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கைரேகையைப் பழைய பதிவோடு முயலாமல், அழித்துவிட்டுப் புதிதாகப் பதியுங்கள். புதுக் கண்ணாடிக்கு மேல் டெம்பர் ஒட்டுவதாக இருந்தால் ஒட்டிய பிறகு பதியுங்கள். பழைய டிஸ்ப்ளேயைக் கேட்டு வாங்கியிருந்தால் அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தருவேன். பையில் வைக்கும்போது மேல் பக்கமாக வையுங்கள், கண்ணாடித் துகள் உதிரும்.